பராமரிப்பும் படைப்பே

(பொறியியல் மாணவர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மூல நிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் பொதுவில் வைத்திருக்கும் மென்பொருள், அதாவது திறந்த மூல மென்பொருள் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்ததிலிருந்து தொடங்குவார்கள். அடுத்து, 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை எழுதிய கதைக்கு வருவார்கள். இரண்டும் சொல்லப்பட வேண்டிய வரலாறுகள்தாம். இன்று நான் வேறொருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன். அவர் இயங்குதளம் எதையும் எழுதவில்லை. பெரிய நிறுவனத்தின் அதிபரும் அல்லர். ஒரு சிறிய கருவியைக் கையில் எடுத்தார்; ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக அதைக் கீழே வைக்கவில்லை. அவர் பெயர் டேனியல் ஸ்டென்பெர்க். ஸ்வீடன் நாட்டவர். அந்தக் கருவியின் பெயர் கர்ல்.

கர்ல் செய்யும் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஓர் இணைய முகவரியைக் கொடுத்தால் அங்கிருந்து தரவைக் கொண்டுவரும். நாம் கொடுக்கும் தரவை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும். டெர்மினலைத் திறந்து கர்ல் என்று தட்டச்சிட்டு, பக்கத்தில் ஒரு முகவரியைக் கொடுத்துப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். அதே நிரல், மற்ற மென்பொருள்கள் தமக்குள் சேர்த்துக்கொள்ளும் லைப்ரரியாகவும் 2000-ஆம் ஆண்டு முதல் கிடைக்கிறது. அதற்கு லிப்கர்ல் என்று பெயர். கைப்பேசி, தொலைக்காட்சி, கார், வீடியோ கேம் கருவி என்று அது போகாத இடமில்லை. மேக் கணினியில் இருக்கிறது. 2018 முதல் விண்டோஸிலும் உடன் வருகிறது. உலகம் முழுவதும் ஆயிரம் கோடிக்கும் மேற்பட்ட நிறுவல்கள் இருக்கும் என்பது ஸ்டென்பெர்க்கின் கணிப்பு. உலக மக்கள்தொகையே எண்ணூறு கோடியைச் சற்றுத் தாண்டியதுதான்.

இவ்வளவு பெரிய பயன்பாட்டுக்குப் பின்னால் எத்தனை பெரிய நிறுவனம் இருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். கர்லைச் சொந்தமாக வைத்திருக்கும் நிறுவனம் எதுவும் இல்லை. ஒரு மனிதரும், அவரோடு கைகோத்த சில ஆயிரம் பேரும் இருக்கிறார்கள். அது எப்படிச் சாத்தியமாயிற்று, அதைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைத்தான் இன்று பேசப்போகிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நானும் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். சிறு நகரம் ஒன்றில் தமிழ்வழியில் படித்துவிட்டுப் பொறியியலுக்கு வந்தவன். சி மொழியின் இலக்கணத்தைப் பாடப்புத்தகம் கற்றுக்கொடுத்தது. ஆனால் நல்ல நிரல் எப்படி இருக்கும், பிழை நேரும் இடத்தை முன்கூட்டியே எப்படி உணர்வது, பின்னால் வந்து படிக்கப்போகிறவருக்காக எப்படி எழுதுவது என்பதையெல்லாம், முன்பின் தெரியாத மனிதர்கள் எழுதிப் பொதுவில் வைத்த மூல நிரல்களைப் படித்துத்தான் கற்றேன். அந்தக் கடன் எனக்கு உண்டு. அந்த உணர்வோடுதான் பேசுகிறேன்.

பிறர் நிரலில் தொடங்கியவர்

ஸ்டென்பெர்க் 1970-இல் பிறந்தவர். எண்பதுகளின் நடுவில், உடன்பிறந்தவரோடு சேர்ந்து ஒரு கமடோர் 64 கணினியை வாங்கினார். அதன் நினைவகம் வெறும் 64 கிலோபைட். அன்றைய ஐரோப்பாவில் அந்தச் சிறிய இயந்திரத்தை வைத்துக்கொண்டு இசையும் அசையும் படங்களுமாக டெமோ நிரல்கள் எழுதும் இளைஞர் குழுக்கள் பல இருந்தன. அப்படி ஒரு குழுவில் அவரும் இருந்தார். ஒருவர் எழுதியதை மற்றவர் பிரித்துப் பார்த்து, அதன் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டு, அதைவிட நன்றாகச் செய்து காட்டுவதுதான் அங்கே பள்ளிக்கூடம். ஸ்டென்பெர்க் பல்கலைக்கழகப் படிப்புக்குப் போகவில்லை. இருபது வயதை ஒட்டி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பட்டம் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பிறர் நிரலைப் படிப்பதே எவ்வளவு பெரிய கல்வி என்பதற்காகச் சொல்கிறேன்.

1996-ஆம் ஆண்டு. ஐஆர்சி என்ற அரட்டை வலையில், அமிகா கணினிப் பிரியர்கள் கூடும் அறை ஒன்றுக்கு ஸ்டென்பெர்க் ஒரு தானியங்கி எழுதிவைத்திருந்தார். அந்த அறையில் பல நாட்டவர்கள் இருந்தார்கள். ஒரு நாட்டுப் பணத்துக்கு இன்னொரு நாட்டில் எவ்வளவு மதிப்பு என்று கேட்டால் தானியங்கி பதில் சொன்னால் நன்றாக இருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அன்றைய நாணய மாற்று விகிதங்கள் வலையில் கிடைத்தன. அவற்றை எடுத்துவர ஒரு கருவி வேண்டும். தேடியபோது, பிரேசிலைச் சேர்ந்த ரஃபேல் சகுலா எழுதிய எச்டிடிபிகெட் என்ற சிறிய நிரல் கிடைத்தது. சில நூறு வரிகள்தான். ஸ்டென்பெர்க் அதைப் பயன்படுத்தினார். குறை தெரிந்த இடங்களைத் திருத்தினார். திருத்தங்களை சகுலாவுக்கே அனுப்பினார். சில காலம் கழித்து, அந்த நிரலைக் கவனிக்கும் பொறுப்பு அவரிடமே வந்து சேர்ந்தது. மேலும் பல தரவுப் பரிமாற்ற நெறிமுறைகள் சேர்ந்தன, பெயர் இருமுறை மாறியது. 1998 மார்ச் 20 அன்று கர்ல் என்ற பெயரில் வெளிவந்தது. அப்போது அதில் சுமார் 2,200 வரிகள் இருந்தன. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

மாணவ நண்பர்களே, இந்தத் தொடக்கத்தைக் கவனியுங்கள். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று அவர் உட்காரவில்லை. ஒருவர் எழுதியது ஏற்கனவே இருந்தது; அது பெரும்பாலும் வேலை செய்தது; குறையை மட்டும் சரிசெய்தார். நம் கல்லூரிகளில் இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கச் சொல்கிறோம். மதிப்பெண் வாங்கியதும் அந்த நிரலை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. பிறர் நிரலை ஆறு மாதம் படித்து அதில் ஒரே ஒரு பிழையைத் தீர்த்த மாணவருக்கு மதிப்பெண் கொடுக்க நம்மிடம் வழியில்லை. இது மாற வேண்டும்.

நிரலில் அவருக்கிருந்த ஆர்வம் கர்லோடு நிற்கவில்லை. 2001-இன் இறுதியில் அவரும், அவருடைய உடன்பிறந்தவரும், நண்பர் ஒருவரும் சேர்ந்து ராக்பாக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஆர்க்கோஸ் நிறுவனத்தின் எம்பி3 பாட்டுக் கருவியில் உள்ளே ஓடும் நிரல் அவர்களுக்குத் திருப்தி தரவில்லை. மாற்று நிரலைத் தாங்களே எழுதிப் பொதுவில் வைத்தார்கள். பலர் வந்து சேர்ந்தார்கள். ஐபாட் உட்பட வேறு பல கருவிகளுக்கும் அது பரவியது. பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் குரலில் படித்துச் சொல்லும் வசதி அதில் வந்தது. பார்வையற்றவர்கள் பலருக்கு, யாருடைய துணையுமின்றித் தாமே இயக்கக்கூடிய பாட்டுக் கருவியாக அது ஆயிற்று. விற்பனைக் கணக்கில் இடம்பெறாத மனிதர்களுக்கும் திறந்த நிரலில் இடம் கிடைக்கிறது. அந்த வசதி தேவைப்படுகிறவரோ, அவர்மேல் அக்கறை உள்ளவரோ உள்ளே வந்து அதைச் சேர்க்க வழி இருக்கிறது. இந்த வேலையில் எனக்கு இருக்கும் நம்பிக்கையின் பெரும்பகுதி இங்கிருந்து வருவது.

கூடிச் செய்வது என்றால் என்ன?

கர்லின் உரிமம் மிக எளியது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், தாம் விற்கும் பொருளுக்குள் வைக்கலாம். பதிப்புரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. இதனால் ஒரு விசித்திரமான நிலை உண்டானது. பல கார்களின் திரையில் உரிமங்கள் பகுதியைத் திறந்தால் ஸ்டென்பெர்க்கின் பெயரும் மின்னஞ்சலும் வருகின்றன. காரின் பாட்டுப்பெட்டியோ வழிகாட்டியோ பழுதானால், எங்கே கேட்பதென்று தெரியாதவர்கள் அவருக்கு எழுதுகிறார்கள். அத்தனை சிக்கலான இயந்திரத்துக்குள் தேடிப் பார்த்தவருக்குக் கிடைத்த ஒரே மனிதப் பெயர் அது!

கர்லுக்கு உதவியவர்கள் எல்லோருடைய பெயரையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பிழையைச் சொன்னவர், ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்தியவர், நல்ல யோசனை தந்தவர் எல்லோரும் அதில் உண்டு. நிரல் வரிகளை எழுதித் தந்தவர்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு முறை வந்து, தமக்கு இடையூறாக இருந்த ஒன்றைச் சரிசெய்துவிட்டுப் போனவர்கள். மொத்த மாற்றங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஸ்டென்பெர்க் கையால் நடந்தவை.

இந்தக் கணக்கு உங்களுக்கு முரணாகத் தோன்றலாம். பாதிக்கு மேல் ஒருவரே செய்கிறார் என்றால் கூட்டு முயற்சி எங்கே இருக்கிறது? அதை விளக்க, ஒரு திருத்தம் உள்ளே வரும் வழியைச் சொல்ல வேண்டும்.

ஏதோ ஒரு நாட்டில் ஒருவருக்குக் கோப்பு பாதியில் நின்றுபோகிறது. அவர் பிழை அறிக்கை எழுதுகிறார். எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, என்ன கட்டளை கொடுத்தேன், என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும் என்று எழுதுகிறார். அவருக்கு நடந்தது தமக்கும் நடக்கிறதா என்று இன்னொருவர் சோதிக்கிறார். காரணம் தெரிந்ததும் ஒருவர் திருத்தம் எழுதி, அதைச் சேர்த்துக்கொள்ளும்படி புல் ரிக்வெஸ்ட் என்ற கோரிக்கையை அனுப்புகிறார். உடனே ஆயிரத்துக்கும் மேற்பட்ட தானியங்கிச் சோதனைகள், வெவ்வேறு இயங்குதளங்களில், அந்தத் திருத்தத்தின் மேல் ஓடுகின்றன. பின்பு மனிதர்கள் படிக்கிறார்கள். இந்த மாறிக்கு வேறு பெயர் வையுங்கள், இந்த இடத்தில் நினைவகம் விடுவிக்கப்படவில்லை, இதற்கு ஒரு சோதனை சேருங்கள், ஆவணத்தையும் மாற்றுங்கள் என்று சொல்கிறார்கள். எழுதியவர் திருத்தித் திரும்ப அனுப்புகிறார். எல்லாம் சரியானால் நிரலில் சேர்கிறது. எட்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் அடுத்த வெளியீட்டில் உலகத்துக்குப் போகிறது.

திருத்தம் அனுப்பியவரின் பங்கு ஒரு நாளில் முடிந்துவிடும். அதைப் படித்துப் பார்த்தவருக்கு முடிவதில்லை. அந்த வரிகளை இனி அவர்தான் சுமக்க வேண்டும். பத்தாண்டு கழித்து அதில் பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆயிரம் பேர் வந்துபோக ஒருவர் கதவைத் திறந்துவைத்து அங்கேயே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த இருப்புதான் பராமரிப்பு. புதிய வசதியைச் சேர்ப்பதற்குக் கைதட்டுகிறோம். பழைய வசதி நாளையும் ஓடும்படி பார்த்துக்கொள்வதற்கு யாரும் கைதட்டுவதில்லை. லிப்கர்லை நம்பி எழுதப்பட்ட மென்பொருள்கள், புதிய பதிப்பு வந்தாலும் மாற்றமின்றி ஓட வேண்டும் என்ற உறுதியை 2006 முதல் அவர்கள் காத்து வருகிறார்கள். அதற்காக அழகான பல மாற்றங்களை வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பார்கள். பிறர் உழைப்பின் மேல் வைத்த மரியாதை அது. அதனால்தான் பராமரிப்பும் படைப்பே என்கிறேன்.

அவையறியச் சொல்லும் துணிவு

திறந்த நிரல் என்றால் பிழை இராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிழை இருக்கும். வேறுபாடு, அதை என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது.

2023 அக்டோபரில், கர்லில் மிகக் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று இருப்பதாகவும், அக்டோபர் 11 அன்று திருத்தப் பதிப்பு வரும் என்றும் ஸ்டென்பெர்க் முன்கூட்டியே அறிவித்தார். சாக்ஸ்5 என்ற இடைநிலை வழங்கி மூலம் இணையும்போது, 255 எழுத்துகளைத் தாண்டிய கணினிப் பெயர் வந்தால், குறிப்பிட்ட சூழலில் அது தனக்கு ஒதுக்கிய நினைவகத்தைக் கடந்து எழுதப்பட்டுவிடும். 2020-இல் சேர்ந்த பிழை அது. மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. திருத்தம் வெளியான அன்றே ஸ்டென்பெர்க் விரிவாக எழுதினார். அந்த வரிகளை எழுதியவர் தாமே என்றார். எந்த இடத்தில் எண்ணம் தவறியது என்று காட்டினார். நினைவகப் பாதுகாப்பு உள்ள மொழியில் எழுதியிருந்தால் இந்தக் குறை நேர்ந்திராது என்பதையும் மறைக்கவில்லை.

மாணவர்களே, பொறியாளராக நீங்கள் கற்க வேண்டிய முதல் பண்பு இது என்று நான் நம்புகிறேன். பிழையை மூடிவைக்கும் அலுவலகத்தில் அதே பிழை மறுபடி பிறக்கும். அவையறியச் சொன்ன பிழை, அதைப் படித்த ஒவ்வொருவருக்கும் பாடமாகும். மூல நிரலை ஒருவர் பொதுவில் வைக்கும்போது தம் தவறுகளையும் சேர்த்தே பொதுவில் வைக்கிறார். அந்தத் துணிவு இல்லாமல் கூட்டு முயற்சி இல்லை.

தனித்து விடப்பட்டவர்கள்

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறேன்.

கர்ல் தொடங்கி இருபது ஆண்டுகள்வரை ஸ்டென்பெர்க் அதைப் பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்தான் செய்தார். பகலில் வேறு வேலை. கர்லுக்கு மாலையும் இரவும். 2019-இல்தான் உல்ஃப்எஸ்எஸ்எல் நிறுவனத்தில் சேர்ந்து, கர்லுக்குக் கட்டண ஆதரவு வழங்கும் ஏற்பாட்டின் மூலம் முழுநேரமும் அதிலேயே உழைக்க முடிந்தது. அதற்குள் கர்ல் உலகின் பெரும்பெரும் நிறுவனங்களின் பொருள்களுக்குள் எல்லாம் போய்விட்டிருந்தது.

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல் தொகுப்பில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டு உலகமே பரபரத்தது. அடுத்த மாதம், அமெரிக்காவின் முன்னணி 500 நிறுவனங்களில் ஒன்று ஸ்டென்பெர்க்குக்குக் கடிதம் அனுப்பியது. லாக்4ஜே பயன்படுத்துகிறீர்களா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் தேவை என்று அதில் கேள்விகள். கர்ல் சி மொழியில் எழுதப்பட்டது. அதற்கும் ஜாவாவுக்கும் தொடர்பே இல்லை. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. ஆதரவு ஒப்பந்தம் செய்துகொண்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். மிகச் சரியான பதில் என்பேன். பயன்படுத்துகிறவர்கள் தம்மை வாடிக்கையாளர் என்றும், எழுதியவரைக் கூலி வாங்காத பணியாளர் என்றும் நினைத்துக்கொள்ளும் மனப்போக்கு எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை இந்தக் கடிதம் காட்டுகிறது.

இந்த மனப்போக்கின் விலையை உலகம் ஏற்கனவே கொடுத்திருக்கிறது. 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற குறை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கண்டுபிடிக்கப்பட்டது. வங்கிக் கணக்கு முதல் மின்னஞ்சல் வரை இணையத்தின் மறையாக்கம் பெருமளவு அந்த நிரலை நம்பியிருந்தது. அதில் முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்தான் என்பது அதன் பிறகே எல்லோருக்கும் தெரிந்தது. பெருநிறுவனங்கள் பணம் போட்டு நிதியம் அமைத்தது குறை வெளிப்பட்ட பின்னர்தான்.

பத்தாண்டு கழித்து, 2024 மார்ச் 29. எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் திட்டமிட்டு ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பின்லாந்தைச் சேர்ந்த ஒருவர் அந்தக் கருவியைப் பல ஆண்டுகளாகத் தனியே கவனித்து வந்தார். ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று புதிய புதிய பெயர்களில் அவரை நெருக்கினார்கள். அதே வேளையில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, உரிமை பெற்று, நஞ்சை உள்ளே வைத்தார். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர். கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆனது. ஏன் என்று தோண்டிப் பார்த்தார். மூல நிரலும் கோப்புகளும் கைக்கு எட்டும்படி இருந்ததால் அவரால் அடிவரை போக முடிந்தது. திறந்திருந்ததால் பிழைத்தோம். அதைக் காத்தவரைத் தனித்து விட்டதால்தான் ஆபத்து உள்ளே வந்தது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அண்மையில் இன்னொரு சுமை சேர்ந்திருக்கிறது. கர்லில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிப்பவர்களுக்கு 2019 முதல் பரிசு தந்தார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் எல்லோர் கைக்கும் வந்ததும், அவை எழுதித் தந்ததைச் சரிபார்க்காமல் அப்படியே அனுப்பும் போலி அறிக்கைகள் குவிந்தன. பார்க்க ஒழுங்காக இருக்கும். இல்லாத குறையைப் பற்றிப் பேசும். பொய் என்று உறுதிசெய்ய ஒரு மனிதர் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். 2026 தொடக்கத்தில் பரிசுத் திட்டத்தையே நிறுத்தினார்கள். அதே காலத்தில், அதே வகைக் கருவிகளைத் திறமையாகப் பயன்படுத்தி, உண்மையான பிழைகளைப் பட்டியலிட்டுத் தந்த ஆய்வாளரும் உண்டு. ஸ்டென்பெர்க் அவரை மனமாரப் பாராட்டினார். எனவே கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. அனுப்பும் முன் நானே ஒருமுறை சோதித்தேனா என்று கேட்டுக்கொள்ளும் நேர்மைதான் முக்கியம்.

நாம் செய்ய வேண்டியது

இந்த நேர்மை பற்றி நம் நாட்டு மாணவர்களிடம் வெளிப்படையாகப் பேசும் கடமை எனக்கு இருக்கிறது. திறந்த மூலத் திட்டங்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற விழா ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கிறது. முன்பு அதில் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் கொடுத்தார்கள். 2020-இல், அறிமுகக் கோப்பில் ஓரிரு சொற்களைச் சேர்த்துவிட்டு அதையே பங்களிப்பு என்று அனுப்பியவர்களால் உலகெங்கும் பராமரிப்பாளர்கள் திணறிப்போனார்கள். அப்படிச் செய்யக் கற்றுக்கொடுத்த காணொளிகளில் நம் நாட்டுக் காணொளியும் இருந்தது. இறுதியில், விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டுமே விழாவில் இடம்பெறும் என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. வேலைக்கான விண்ணப்பத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. போட்டி கடுமையாக இருக்கிறது. ஆனால் உங்கள் அந்த ஒரு வரிக்காக, கூலியின்றி உழைக்கும் ஒருவரின் இரவை வீணாக்குவது நியாயமில்லை.

பொதுச் சொத்தைக் கூடிப் பராமரிப்பது நமக்குப் புதிதன்று. நம் ஊர் ஏரிகளுக்குக் குடிமராமத்து என்றொரு முறை இருந்தது. ஏரி ஊருக்குப் பொது. மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து வரத்துக்கால் தூர்வார வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும். பாசனம் பெறுகிறவர் மண்வெட்டியும் எடுக்க வேண்டும் என்பது ஊர்க் கட்டுப்பாடு. அது நின்ற ஊர்களில் ஏரி ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆண்டுதோறும் கொஞ்சம் வண்டல் சேர்ந்தது, கொள்ளளவு குறைந்தது, பிறகொரு கோடையில் மதகைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. பொது மென்பொருளும் அப்படித்தான் தூர்ந்துபோகிறது. இந்தியாவின் மென்பொருள் தொழில் இந்த ஏரியில் நிறையப் பாசனம் செய்துவிட்டது. தூர்வார நம் ஆட்கள் போதிய அளவு வரவில்லை.

தமிழுக்கும் இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. உங்கள் கைப்பேசியில் ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் அது ‘க’ என்ற அகரமேறிய எழுத்தும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியீடுகள். திரையிலோ, ஒற்றைக்கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் சரியாகச் செய்யும் நிரல்களில் முதன்மையானது ஹார்ஃப்பஸ். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் அதைப் பயன்படுத்துகின்றன. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத். தமிழ் பேசாத ஒருவரின் உழைப்பில் நம் எழுத்து நேராக நிற்கிறது. தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவை வளர்ப்பவர்கள், கணியம் என்ற கணினித் தொழில்நுட்ப இதழை நடத்துகிறவர்கள், காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்களைத் தொடர்ந்து நடத்துகிறவர்கள் எல்லாம் நம் நன்றிக்கு உரியவர்கள். அவர்களுக்கு வேண்டியது பாராட்டைவிடத் துணை.

துணையோடு அங்கீகாரமும் வேண்டும். 2017-இல் ஸ்டென்பெர்க்குக்கு ஸ்வீடனின் போல்ஹெம் பரிசு கிடைத்தது. 1878 முதல் வழங்கப்படும் பொறியியல் விருது அது. மன்னரே பதக்கத்தை அளித்தார். ஒரு நாடு தன் பெரும் பொறியியல் விருதை, இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளைப் பராமரித்தவருக்குக் கொடுத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பாலம் கட்டுகிறவருக்கும் இயந்திரம் செய்கிறவருக்கும் இணையான பொறியாளர் அவர் என்று அந்த நாடு ஒப்புக்கொண்டது. நம் பல்கலைக்கழகங்களும் அரசும் நிறுவனங்களும் அப்படி ஒப்புக்கொள்ளும் நாள் வர வேண்டும்.

முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள்கள்.

பேராசிரியர்களுக்கு ஒன்று. உயிரோடு இயங்கும் ஒரு திறந்த மூலத் திட்டத்தில் ஒரு பிழையைப் புரிந்துகொண்டு தீர்ப்பதை இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஏற்றுக்கொள்ளுங்கள். பிழையைத் தெளிவாக விவரித்து எழுதியதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

நிறுவனங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் பொருளுக்குள் இருக்கும் திறந்த மூல நிரல்களைப் பட்டியலிடுங்கள். அவற்றில் மிக முக்கியமான சிலவற்றுக்குப் பணமோ, உங்கள் பொறியாளரின் வாரத்தில் ஒரு நாளோ கொடுங்கள். பணியாளர்கள் வெளியே பங்களிப்பதைத் தடுக்கும் விதி உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் அதைத் திருத்துங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு மென்பொருளை, ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் மாதம் எதையும் அனுப்பாதீர்கள். நிரலையும் பிழைப் பட்டியலையும் அங்கே நடக்கும் உரையாடல்களையும் படியுங்கள். பிறர் எழுதிய பிழை அறிக்கை உங்கள் கணினியிலும் நிகழ்கிறதா என்று சோதித்துச் சொல்லுங்கள். விடுபட்ட சோதனை ஒன்றை எழுதுங்கள். தெளிவில்லாத ஆவணத்தைத் தெளிவாக்குங்கள். முடிந்தால் தமிழிலும் எழுதுங்கள். உங்கள் திருத்தத்தை ஒருவர் குறை சொன்னால் நன்றி சொல்லிவிட்டுத் திருத்துங்கள். பிறகு, வந்த இடத்திலேயே ஓராண்டாவது இருங்கள். திறந்த மூலத்துக்கு இன்று தேவைப்படுவது புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவரைவிட, தொடங்கியதை விட்டுப் போகாதவர். அப்படிப்பட்டவர்கள் இந்த அரங்கிலிருந்து பத்துப் பேர் வந்தாலும் போதும்.